வீட்டில் ஒரு பெரிய கன் ஷூட்டிங் மெஷின்: புதுச்சேரி, கடலூர் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஏழு வருடமாக ஒரு டைம் கிரைசிஸ் 2 நிற்கிறது. நாம்கோ கம்பெனி 1997-இல் வெளியிட்ட ஆட்டம், கேம் சென்டரில் காசு போட்டு, திரையில் வருகிறவர்களைப் பொம்மைக் கன்னால் சுடுகிற வீடியோ கேம். இரண்டு 29 இஞ்சு பிக்சர் டியூப், இரண்டு கன், இரண்டு பெடல் என்று இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடுகிற பெரிய பெட்டி. அதைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களும், அவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டவர்களும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னால் பாதி விட்டுப்போகிறது, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இது வாங்கக்கூடிய பொருள்தானா, இல்லை யானையைக் கட்டித் தீனி போடுகிற கதையா?

வாங்கலாம். பணத்தை விட இடமும் பொறுமையும்தான் அதிகம் வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறையாவது போட்டு ஆடுவேன் என்கிறவர்கள் வாங்குங்கள். வரவேற்பறைக்கு அழகாக இருக்கும் என்று நினைத்தால் வேண்டாம். ஆடாமல் மூடி வைத்த மெஷின்தான் நம் ஊர்க் காற்றில் முதலில் கெட்டுப்போகிறது. கடலூரிலும் இதே நிலைதான்.

எந்த ஆட்டத்தை வாங்குவது?

சின்ன வயதில் எதில் காசைத் தொலைத்தீர்களோ அதை வாங்குங்கள், இதுதான் என் முதல் பதில். ஆனால் எல்லா மெஷினும் உள்ளே ஒரே மாதிரி இல்லை. வாங்குவதற்கு முன்னால் இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மூன்று வகை இருக்கிறது.

முதல் வகையில் கன் பெட்டியோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கும், கையில் தூக்க முடியாது. டைட்டோவின் ஆபரேஷன் வுல்ஃப் (1987), மிட்வேயின் டெர்மினேட்டர் 2 (1991) எல்லாம் இப்படித்தான். இதில் கன் திரையைப் பார்ப்பதே இல்லை. ரேடியோவில் சத்தம் கூட்டுகிற திருகு மாதிரி ஒன்று கன்னின் அடியில் இருக்கும், நாம் கன்னைத் திருப்பும் அளவை அதுதான் ஆட்டத்தை ஓட்டுகிற சர்க்யூட் போர்டுக்குச் சொல்கிறது. முரட்டு மெஷின். பழுது பார்ப்பதும் சுலபம்.

இரண்டாவது வகை, கன் திரையின் வெளிச்சத்தைப் பார்த்து இடம் கண்டுபிடிப்பது. நாம்கோவின் முதல் டைம் கிரைசிஸ் (1995), என்னுடைய டைம் கிரைசிஸ் 2 எல்லாம் இதில் சேரும். எனக்கு உயிர் இந்த வகைதான். அதே சமயம் அதிகத் தலைவலி கொடுப்பதும் இதுதான், ஏனென்றால் பிக்சர் டியூப் இல்லாமல் இது செத்த மாதிரி.

மூன்றாவது வகையில் திரையைச் சுற்றி கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் விளக்குகள் இருக்கும், கன்னுக்குள் இருக்கும் சென்சார் அவற்றைப் பார்த்துக் கணக்குப் போடும். செகாவின் ஹவுஸ் ஆஃப் தி டெட் 4 (2005) போன்ற பிற்கால மெஷின்கள் இப்படி. முதல்முறை வாங்குகிறவர், டிவி மெக்கானிக் பழக்கமும் இல்லை என்றால், மூன்றாவது வகையைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று, நம் பக்கத்தில் பலருக்கு டைம் கிரைசிஸ் பெடல் புரியாமல் "கன் வேலை செய்யவில்லை" என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெடலை மிதித்தால் மறைவிலிருந்து வெளியே வந்து சுடலாம். காலை எடுத்தால் மறைந்துகொண்டு குண்டு நிரப்பிக்கொள்ளும். இந்த ஒரு யோசனைதான் அந்த ஆட்டத்தின் உயிரே. வந்தவர் அம்மாவோ மாமாவோ யாராக இருந்தாலும், முதல் நாள் கன்னைக் கொடுக்காமல் பெடலை மட்டும் மிதித்துப் பழகச் சொல்கிறேன், அப்புறம்தான் கன்.

பிக்சர் டியூப் ஏன் அவ்வளவு முக்கியம்? எல்.சி.டி. டிவி போட்டால் ஆகாதா?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டியூபில் படம் மொத்தமாக ஒரே நேரத்தில் வருவதில்லை. உள்ளே ஓர் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒரு கோடு போட்டு, கொஞ்சம் கீழே இறங்கி அடுத்த கோடு போட்டு, இப்படியே அடி வரைக்கும் வந்து மறுபடியும் மேலே போகும். நொடிக்கு அறுபது முறை இது நடக்கிறது. சாதாரண 15.7 கிலோஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு கோட்டுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய 63.5 மைக்ரோ நொடி. நீங்கள் ட்ரிகரை இழுத்ததும் திரை ஒரு கணம் பளிச்சென்று வெளுக்கும், கவனித்துப் பாருங்கள். அந்தக் கணத்தில் கன்னின் குழாய்க்குள் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஒளி சென்சார், தன் எதிரே கற்றை கடந்துபோன நொடியைப் பிடித்துச் சொல்லும். படம் மேலிருந்து தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று போர்டு எண்ணிப் பார்க்கும். எத்தனையாவது கோடு, அந்தக் கோட்டில் எவ்வளவு தூரம் என்று அதிலிருந்தே கிடைத்துவிடும். கன் வெளியே எதையும் அனுப்புவதில்லை, வெறுமனே பார்க்கிறது. எத்தனையோ வருடத்துக்கு முன்னாலேயே இதை யோசித்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

எல்.சி.டி. திரையில் அந்தக் கற்றையே கிடையாது. பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், படமும் சற்றுத் தாமதித்துத்தான் வரும். எந்த நொடியில் எந்தப் புள்ளி ஒளிர்ந்தது என்ற கணக்கு அங்கே நடக்காது. அதனால் இரண்டாவது வகை மெஷினில் எல்.சி.டி. போட்டால் படம் அருமையாகத் தெரியும், குண்டு மட்டும் எங்கேயும் படாது. விற்கிறவர் சிலர் "புது எல்.இ.டி. திரை போட்டுத் தருகிறோம் சார்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அவரை அங்கேயே நாலு குண்டு சுட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

முதல் வகைக்கு எல்.சி.டி. தாராளமாகப் போடலாம், அங்கே கன் திரையைப் பார்ப்பதில்லை. மூன்றாவது வகைக்கும் போடலாம், ஆனால் பழைய திரையின் அளவும் விளக்குகள் இருந்த இடமும் மாறக் கூடாது.

டியூப் போய்விட்டால்?

பெரிய டியூப் புதிதாகச் செய்து வருவது நின்று வருடங்கள் ஆகிவிட்டன. பழைய 29 இஞ்சு வீட்டு டிவிதான் ஒரே வழி. பழைய இரும்புக் கடையில் நல்ல 29 இஞ்சு டிவி வந்தால் எனக்குச் சொல்லுங்கள் என்று இரண்டு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் எந்த டியூபும் எந்த மானிட்டருக்கும் சேராது. கழுத்துத் தடிமன், பின்கள், கற்றையைத் திருப்புகிற யோக் காயிலின் அளவு எல்லாம் ஒத்துவர வேண்டும், இதை மெக்கானிக்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டியூபின் பக்கவாட்டில் ரப்பர் மூடி போட்டு ஒரு தடித்த வயர் போகும், அதில் 25,000 வோல்ட் அளவுக்கு இருக்கும். மெஷினை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் அந்த மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். யூடியூப் பார்த்துக் கை வைக்காதீர்கள். டிவி வேலை தெரிந்தவர் டிஸ்சார்ஜ் செய்த பிறகுதான் நீங்கள் பக்கத்திலேயே போக வேண்டும்.

எங்கே கிடைக்கும்?

நம் ஊரில் கிடைப்பது அபூர்வம். மால்களில் கேம் சென்டர் மூடும்போதும், மெஷின் மாற்றும்போதும் பழையது வெளியே வரும். சென்னை, பெங்களூரு, மும்பை பக்கம்தான் இது அதிகம். என்னுடையது சென்னையில் மூடிய ஒரு பார்லரிலிருந்து வந்தது. கேம் சென்டரில் மெஷின் பராமரிக்கிற டெக்னீஷியனோடு பழகுங்கள், எந்த மெஷின் எப்போது வெளியேறும் என்று முதலாளிக்கு முன்னால் அவருக்குத்தான் தெரியும்.

சீனாவிலிருந்து புதிது வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். குவாங்சோ நகரத்தில் பான்யூ என்கிற பகுதியில் இந்த மாதிரி மெஷின் செய்கிற தொழிற்சாலைகள் நிறைய. அசலும் உண்டு, நகலும் உண்டு. நகல் பெட்டியில் அசல் படம் ஒட்டி வரும், உள்ளே சாதாரண கம்ப்யூட்டர் இருக்கும். பழைய மெஷினை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைக்கிறவர்கள், பணம் அனுப்புவதற்கு முன்னால் சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்க்கிற கஸ்டம்ஸ் ஏஜெண்ட் ஒருவரிடம் பேசிவிடுங்கள். பழைய பொருள் இறக்குமதிக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. பெட்டி வந்து இறங்கிய பிறகு தெரிந்தால், துறைமுகத்தில் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஓடும்.

பார்க்கப் போகும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

கன் முதலில், திரை அடுத்தது, மற்றதெல்லாம் அப்புறம். பெட்டி கீறியிருந்தால் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம், ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். கன்னும் திரையும் போனால் மரப்பெட்டிதான் மிச்சம்.

காசு போடுகிற கதவைத் திறந்தால் உள்ளே டெஸ்ட், சர்வீஸ் என்று இரண்டு பட்டன் இருக்கும். டெஸ்ட்டை அழுத்தினால் மெனு வரும். அதில் கட்டம் போட்ட படம் ஒன்று வரும், கோடுகள் ஓரத்தில் வளைகிறதா, சிவப்பும் நீலமும் பிரிந்து தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு முழு வெள்ளைத் திரையைக் கொண்டுவந்து மூலையில் நிறம் கலங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக மெஷினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வருடக்கணக்கில் ஒரே எழுத்து நின்ற டியூபில் அது பச்சை குத்தின மாதிரி பதிந்திருக்கும். நான் வாங்கியபோது இதைச் செய்யவில்லை. "போன வாரம் வரைக்கும் ஓடிய மெஷின் தம்பி" என்றார் விற்றவர், ஓடியதும் உண்மைதான். வீட்டுக்குக் கொண்டுவந்து அணைத்த பிறகுதான் இடது திரையில் காசு போடச் சொல்லும் ஆங்கில எழுத்து மங்கலாகத் தெரிந்தது. இன்னும் இருக்கிறது.

கன்னைச் சோதிக்கும்போது திரையின் நாலு மூலையிலும் சுடுங்கள். நடுவில் எல்லாக் கன்னும் சரியாகத்தான் படும், மூலையில்தான் வண்டவாளம் தெரியும். சுட்டுக்கொண்டே கன் வயரை அடிப்பாகத்தில், கைப்பிடிக்குள் நுழைகிற இடத்தில் ஆட்டிப் பாருங்கள். படுவது விட்டுவிட்டுப் பட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, இது சின்னப் பழுது, விலை குறைக்கச் சொல்லலாம். ட்ரிகரில் "டிக்" என்ற சத்தம் தெளிவாக வர வேண்டும், அது மைக்ரோ சுவிட்ச். சுடும்போது கன் உதறுகிறதா என்றும் பாருங்கள். உள்ளே சோலினாய்டு என்கிற காயில் ஒன்று இரும்புத் தண்டை இழுத்து விடுகிறது, அதுதான் கையில் அடிக்கிற அடி. உதறல் இல்லாத கன் பொம்மைதான்.

பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கும். அதை போட்டோ எடுத்துக்கொள்ளாமல் வராதீர்கள்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

விலை ஆளுக்கு ஆள், மெஷினுக்கு மெஷின் மாறும், நான் ஒரு தொகையைச் சொல்லி உங்களைத் திசைதிருப்ப விரும்பவில்லை. மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். வண்டி, லோடுமேன், எர்த், ஸ்டெபிலைசர், முதல் வருடப் பழுது எல்லாம் அதில்தான் போகும். எனக்கு அதுவும் பற்றவில்லை.

வீட்டுக்குள் நுழையுமா?

டேப் எடுத்து அளக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பெரிய இரட்டை மெஷின் 200 கிலோவுக்குக் குறையாது, சிலது 400 வரை போகும். நல்ல வேளையாக, பெரும்பாலான பெரிய மெஷின்களில் திரை இருக்கும் பாகம், பெடல் இருக்கும் பாகம், மேலே பெயர் எரியும் பலகை என்று தனித்தனியாகக் கழற்றலாம். கழற்றும்போது ஒவ்வொரு வயர் கனெக்டரையும் போட்டோ எடுத்து, மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டுங்கள். போல்ட்டுகளைத் தனித்தனி கவரில் போடுங்கள்.

எங்கள் வீடு பழைய மாதிரி, திண்ணை, சின்ன வாசல், அப்புறம் நீளமாக உள்ளே போகும். குட்டியானையில் வந்து இறங்கிய திரைப் பாகம் வாசலில் இரண்டு விரல் அளவுக்கு இடித்தது. கதவைக் கழற்றினோம், அப்போதும் போகவில்லை. கடைசியில் லோடுமேன்களில் மூத்தவர் நிலைக்கால் மேலே கையால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, சாய்ச்சுப் போட்டு இழுத்தா வரும், கீழ ஒரு சாக்கைப் போடு" என்றார். நனைத்த கோணிச் சாக்கின் மேல் பெட்டியைச் சாய்த்து வைத்து நாலு பேர் இழுத்தார்கள், வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. நிலையில் பட்ட கீறலை அம்மா இன்றைக்கும் காட்டுவார்.

மாடியில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கான்கிரீட் மாடி என்றால் பீம் ஓடுகிற சுவரோரமாக வைக்கலாம். ஆனால் புதுச்சேரியின் பழைய வீடுகளில் நிறைய மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செருகிச் சுண்ணாம்பு போட்ட தளம். மெஷின் எடையோடு இரண்டு பேர் நின்று பெடலைத் திரும்பத் திரும்ப மிதிக்கிற அதிர்ச்சியும் சேரும். அந்த வீடுகளில் தரைத்தளம்தான், வேறு பேச்சே இல்லை. உத்திரத்தைக் கரையான் எவ்வளவு தின்றிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கரண்ட்?

ஜப்பான் மெஷின் 100 வோல்ட், அமெரிக்காவுக்குச் செய்தது 110 முதல் 120 வோல்ட், நம் வீட்டில் 230. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஆசையில் அப்படியே சுவரில் சொருகிவிட்டார், பவர் சப்ளை கருகிய வாசனை மூன்று நாள் வீட்டில் இருந்ததாம். தகட்டைப் பார்த்து, வேண்டுமானால் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். மெஷின் 500 வாட் எடுக்கிறது என்றால் 1 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள், சரிக்குச் சரி அளவில் வாங்கினால் சூடேறும்.

மின்கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். 500 வாட் மெஷினை இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஒரு யூனிட், அவ்வளவுதான்.

எர்த் மட்டும் கட்டாயம். வியர்த்த கையால் பிடிக்கிற கன், வெறுங்காலால் மிதிக்கிற இரும்புப் பெடல், இரண்டும் மெஷினோடு இணைந்தவை. கடற்கரை ஓரத்து மணல் தரையில் பழைய எர்த் குழி பாதி நேரம் வேலை செய்வதே இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள், கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பை அறுக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் தொடுகிற பொருள், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கரண்ட் போனால் உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்த பிறகு ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள். திரும்பி வரும்போது அடிக்கிற அடிதான் பவர் சப்ளையைத் தின்கிறது.

உப்புக்காற்று என்ன செய்யும்?

மெல்ல மெல்லத் தின்னும். கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை எங்கள் வீடு. முதல் வருடம் மழைக்காலம் முடிந்து பின்கதவைத் திறந்தேன். போர்டு சொருகுகிற விளிம்பில் இருக்கும் செம்புப் பட்டைகளில் பச்சை நிறத்தில் பொடி பூத்திருந்தது, விரலில் தடவினால் ஒட்டியது. அதற்கு முந்தின வாரம்தான் வலது கன் காரணமே இல்லாமல் இடது பக்கம் சுட ஆரம்பித்திருந்தது.

இப்போது நான் செய்வது: மாதம் ஒருமுறை பின்கதவைத் திறந்து மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுவேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கனெக்டர்களைக் கழற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு சொருகுவேன். தேங்காய் எண்ணெய், டபிள்யூ.டி. 40 எதுவும் போர்டில் வேண்டாம், தூசி பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டிருக்கிறேன், நிறம் மாறினால் வெயிலில் காயவைத்தோ வாணலியில் லேசாகச் சூடாக்கியோ திரும்பப் போடலாம். இதையெல்லாம் விட முக்கியமானது, வாரத்துக்கு இரண்டு முறை ஒரு மணி நேரம் ஓட விடுவது. உள்ளே வருகிற சூட்டிலேயே ஈரம் போய்விடும்.

கன் லென்ஸை மறக்காதீர்கள். குழாய்க்குள் தூசி படிந்தால் வெளிச்சம் மங்கி, குண்டு சரியாகப் படாது. கன் கெட்டுப்போச்சு என்று என்னிடம் சொன்னவர்களில் பாதிப் பேருக்கு லென்ஸைத் துடைத்ததும் சரியாகிவிட்டது.

பல்லியும் ஒரு தொல்லை. பவர் சப்ளையின் சூட்டுக்கு வந்து படுக்கும், இரண்டு முனைகளைத் தொட்டுச் செத்தும் போகும், ஃபியூஸும் போகும். ஃபேன் ஓட்டைகளிலும் வயர் நுழைகிற இடங்களிலும் கொசுவலைத் துண்டு ஒட்டினால் போதும், காற்று போகும், பல்லி வராது.

பழுது யார் பார்ப்பார்கள்?

டியூப் டிவி பார்த்த பழைய மெக்கானிக்தான் உங்கள் தெய்வம். ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள், இப்போது செட்டாப் பாக்ஸும் மிக்ஸியும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு வருகிற ஐயா மானிட்டரின் பின்னால் உட்கார்ந்து ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் சத்தம் மட்டும் கேட்பார். பிறகு "டிரை சோல்டர் தம்பி, ஈ.எச்.டி. பக்கம்" என்பார். ஈ.எச்.டி. என்றால் டியூபுக்கு உயர் வோல்ட் கொடுக்கிற பகுதி. அங்கே சூட்டில் விட்டுப்போன ஈயத்தை மறுபடி உருக்கி ஒட்டினால் படம் வந்துவிடும். அவர் கேட்ட கூலியை நான் ஒருநாளும் பேரம் பேசியதில்லை.

போர்டு வேலை வேறு. அதற்கு சென்னைதான். மைக்ரோ சுவிட்ச், 5 வோல்ட் 12 வோல்ட் பவர் சப்ளை, ஃபேன், கெபாசிட்டர் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும், போகும்போது இரண்டிரண்டாக வாங்கி வந்துவிடுங்கள். ஆட்டம் திடீரென்று நின்று நின்று ஆரம்பித்தால் போர்டைக் குறை சொல்வதற்கு முன்னால் 5 வோல்ட் கம்பியில் மீட்டர் வைத்துப் பாருங்கள், 4.8-க்குக் கீழே இறங்கியிருந்தால் குற்றவாளி பவர் சப்ளைதான்.

சத்தம், அக்கம்பக்கம்?

சுவர் ஒட்டிய வீடுகள், பேஸ் சத்தம் சுவர் வழியாகத்தான் போகும். மெஷின் அடியில் ரப்பர் மேட் போட்டேன், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். இரவு ஒன்பதுக்கு மேல் போடுவதில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் பையன் பரீட்சைக்குப் படிக்கும் மாதம் முழுக்கச் சத்தத்தை மெனுவில் பாதிக்கும் கீழே வைத்திருந்தேன். அந்தப் பையன்தான் இப்போது எங்கள் தெருவில் அதிக ஸ்கோர்.

குழந்தைகளிடம் கன்னைக் கொடுக்கலாமா?

இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஜோம்பி ஆட்டங்களில் ரத்தம் அதிகம், சின்னப் பிள்ளைகள் இரவில் பயந்து எழுந்ததை எங்கள் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறேன். சில மெஷின்களில் ரத்தத்தின் நிறத்தை மாற்றும் வசதி டெஸ்ட் மெனுவில் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். எங்கள் வீட்டில் பத்து வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும், ஆளைப் பார்த்துக் கன்னை நீட்டினால் அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது. வலிப்பு நோய் உள்ளவர்கள் யாராக இருந்தாலும் இந்தத் திரைக்கு முன்னால் நிற்க வேண்டாம், ஒவ்வொரு குண்டுக்கும் திரை பளிச்சிடும்.

ஆளுக்குப் பத்து ரூபாய் வாங்கினால் என்ன?

வாங்கினால் அது வியாபாரம். உரிமம், வரி, மின் இணைப்பின் வகை எல்லாம் மாறும். காசு போடாமலே ஆடுவதற்கு ஃப்ரீ ப்ளே என்று மெனுவில் இருக்கும், அதைப் போட்டுவிட்டு சொந்தக்காரர்களோடு ஆடுங்கள்.

இடமே இல்லை, ஆனால் ஆசை இருக்கிறது. என்ன செய்வது?

பழைய பிளேஸ்டேஷன், அதற்கு நாம்கோ 1997-இல் விட்ட கன்கான் என்கிற கன், ஒரு 21 இஞ்சு டியூப் டிவி. மேசை மேல் அடங்கிவிடும், டைம் கிரைசிஸ் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், பெடல்தான் குறை. எல்.சி.டி. டிவிதான் இருக்கிறது என்றால் சிண்டன் கன் பாருங்கள், அதில் கேமரா இருக்கிறது, திரையைச் சுற்றி வரும் வெள்ளைப் பட்டையைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்கும். நான் இரண்டையும் ஆடியிருக்கிறேன். பெரிய மெஷின் கையில் அடிக்கிற அந்த அளவு அடியும், நின்று ஆடுகிற உடம்பு வேலையும் வராது, மற்றபடி மனம் நிறையும்.

புயல், வெள்ளம் வந்தால்?

நம் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்காதவர்தான் தவறு செய்கிறார். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில்தான் கரையேறியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்து இங்கேயே நின்று கொட்டியதில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை, அதன் பிறகு தென்பெண்ணை பெருகி கடலூர் பக்கமும் தண்ணீரில் நின்றது.

எங்கள் மெஷின் அடியில் முதல் நாளிலிருந்தே நாலு சவுக்குக் கட்டைகள் குறுக்கே போட்டு, அதன் மேல் ஒன்றரை இஞ்சு பலகை அடித்து உயர்த்தியிருந்தோம். ஃபெஞ்சல் இரவு திண்ணையின் இரண்டாவது படி வரைக்கும் தண்ணீர் வந்தது, உள்ளே வரவில்லை. ஆனாலும் காத்துக்கொண்டிருக்கவில்லை. சாயங்காலமே பிளக்கைப் பிடுங்கி, தரையில் படுகிற வயர்களைச் சுருட்டி மேலே கட்டி, பெடல் பாகத்தைக் கழற்றிக் கட்டில் மேல் வைத்துவிட்டோம். பெடலுக்குள் இருக்கும் சுவிட்ச்தான் தரைக்கு மிகப் பக்கம், முதலில் நனைவது அதுதான். முன்பக்கத்தைத் தார்ப்பாயால் மூடலாம், முழுக்கச் சுற்றிக் கட்டாதீர்கள், உள்ளே வியர்த்துவிடும்.

தண்ணீர் உள்ளே போய்விட்டால் "போட்டுப் பார்ப்போம்" என்று மட்டும் சுவிட்சைத் தொடாதீர்கள். நல்ல தண்ணீரால் சேற்றைக் கழுவி, ஒரு வாரம் ஃபேன் காற்றில் காயவிட்டு, மெக்கானிக் வந்து பார்த்த பிறகு போடுங்கள்.

பிறகு விற்க வேண்டி வந்தால்?

ஓடுகிற மெஷினாக விற்றால் வாங்குவதற்கு ஆள் இருக்கிறார்கள், பாகம் பாகமாகப் பிரித்து விற்காதீர்கள், மனசு கேட்காது, காசும் வராது. காசுக் கதவு, பின்கதவு இரண்டின் சாவியும் முக்கியம். சாவி தொலைந்த மெஷினைத் திறக்க டிரில் போட்டுப் பூட்டை உடைக்க வேண்டியிருக்கும். நான் காசுக் கதவின் உட்புறத்தில் ஒரு பழுப்புக் கவர் ஒட்டியிருக்கிறேன். அதில் பின்கதவுச் சாவியின் டூப்ளிகேட், டெஸ்ட் மெனுவில் இருக்கும் கன் அளவுகள், எந்தத் தேதியில் எந்த பாகம் மாற்றினேன் என்று அம்மா கையெழுத்தில் ஒரு தாள். எனக்குக் கையெழுத்து சரியில்லை என்று அவரே எழுதித் தருவார், வலது கன் ட்ரிகர் சுவிட்ச் மாற்றியது என்று கடைசியாக எழுதியது போன பொங்கலுக்கு.